மொய்ப் பக்கத்தில் ஒரு சைபர்

பொற்கொடிக்கு எதுவும் மறக்காது. இதை அவளாகச் சொல்லிக்கொள்ளவில்லை, சிங்காநல்லூரிலிருந்து வெள்ளகோவில் வரைக்கும் பரவிக் கிடக்கிற சொந்தக்காரர்கள் சொல்வது. யார் வீட்டு விசேஷத்துக்கு யார் எவ்வளவு மொய் வைத்தார்கள், கவருக்குள் கிழிந்த நோட்டை மடித்து வைத்தவர் யார், வெறும் கவரை நீட்டிவிட்டு நேரே பந்திக்குப் போய் உட்கார்ந்த மகராசன் யார், எல்லாம் அவளுக்குத் தெரியும். பதினெட்டு வருஷமாக அந்தக் குடும்பத்தில் ஒரு பத்திரிகை வந்தால் முதலில் அவளைத்தான் தேடுவார்கள். "ஏனம்மணி, காங்கயத்துக்காரங்க நமக்கு எவ்வளவு வெச்சாங்க?" என்று கேட்டு வாய் மூடுவதற்குள் பதில் வந்துவிடும்.

வெள்ளகோவிலுக்குப் பக்கத்து ஊரில் பிறந்தவள். பத்தாவதில் கணக்குக்குத் தொண்ணூற்றெட்டு மார்க். மேலே படிக்க வைக்க அப்பாவுக்கு மனசு இருந்தது, கையில்தான் காசு இல்லை. இருபத்தொரு வயதில் தம்பிதுரைக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். தம்பிதுரை சிங்காநல்லூரில் ஒரு சின்ன லேத் பட்டறை வைத்திருந்தார், பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிற வேலை. ஆர்டர் வந்தால் சாப்பாடு, வராவிட்டால் பேச்சு என்று ஓடிய காலத்தில், பொற்கொடி ஒரு கிரைண்டர் வாங்கிப் போட்டு இட்லி மாவு விற்க ஆரம்பித்தாள். கொழுந்தன் மனோஜ்குமாரின் கல்லூரி ஃபீஸ் மூன்று வருஷம் அந்த மாவிலிருந்துதான் போனது. இதையும் அவள் யாரிடமும் சொல்லிக்காட்டியதில்லை. மறக்கவுமில்லை, அவ்வளவுதான்.

மனோஜ்குமார் படித்து, பெங்களூரில் வேலை பார்த்து, ஊருக்குத் திரும்பி வந்து, கல்யாணமும் செய்துகொண்டான். வந்தவள் பேர் லோகப்பிரியா. ஈரோட்டுப் பக்கம். சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. மூன்று வருஷத்துக்கு முன்னால் மாடியில் தனி அடுப்பு வைத்துக்கொண்டார்கள், சண்டை சச்சரவு எதுவும் இல்லாமல். அதுவும் அவள் ஏற்பாடுதான். நாலு வார்த்தை பேசினால் நாலிலும் 'ங்க' போடுகிறவள். குறை சொல்ல ஒரு இடம் கொடுக்க மாட்டாள். பொற்கொடியைக் கேட்டால் அதைவிடப் பெரிய குறை ஒரு மனுஷிக்கு வேறு வேண்டுமா என்பாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் லோகப்பிரியா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தாள்.

"அக்கா, ஒண்ணு காட்டறனுங்க, பாருங்க."

ஏதோ ஆப். திறந்தால் வெறும் வெள்ளைத் தாள் மாதிரி இருக்கும். அதில் நமக்கு எது வேண்டுமோ அதை நாமே வைத்துக்கொள்ளலாம், கட்டம் வேண்டுமா கட்டம், பட்டியல் வேண்டுமா பட்டியல். லோகப்பிரியா தன் குடும்பத்தையே அதில் அடுக்கி வைத்திருந்தாள். மாசச் செலவுக்கு ஒரு பக்கம், கார் லோனுக்கு ஒரு பக்கம், பாப்பா ஸ்கூல் ஃபீஸுக்கு ஒன்று. பவுனுக்கு ஒரு பக்கம் வைத்து, அதன் தலையில் ஒரு ஆரத்தின் படம் போட்டு, பக்கத்தில் பச்சைக் கோடு ஒன்று ஓடியது. பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.

"அந்தக் கோடு என்னது?" என்றாள் பொற்கொடி.

"சேத்தது எவ்வளவுன்னு காட்டுமுங்க. இன்னும் ஒண்ணரை வருஷத்துல எடுத்துப்போடலாமுங்க."

பொற்கொடி "நல்லாருக்குது கண்ணு" என்றாள். வயிறு எரிந்தது. எரிந்தது ஆரத்துக்காக இல்லை. பதினைந்து வருஷம் மாவு ஆட்டினோமே, இத்தனை ரூபாய் வந்து இத்தனை ரூபாய் போனதே, அது ஒரு நாளாவது இப்படிப் பச்சையாகக் கண்ணுக்குத் தெரிந்ததா என்றுதான் எரிந்தது.

லோகப்பிரியா அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அக்காவுக்கென்று ஒரு பக்கம் செய்து போனில் ஏற்றிக் கொடுத்தாள். மாவுக் கணக்கு. அரிசி, உளுந்து, கரண்டு, கவர், அன்றைக்கு எத்தனை கிலோ போனது என்று தட்டினால் மிச்சத்தை அதுவே சொல்லும். பொற்கொடி நாலு நாள் முறைத்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் தட்டிப் பார்த்தாள். ஒரு மாசம் போனதும் அந்தப் பக்கம் ஒன்றைச் சொன்னது: உளுந்து விலை ஏறிய பிறகு அரைக் கிலோ பாக்கெட்டில் அவளுக்கு ஒன்றுமே நிற்கவில்லை. விலையை ஐந்து ரூபாய் ஏற்றினாள், கையில் காசு நின்றது. அது சரியாகச் சொன்னதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம். தினமும் அதில் எழுதினாள், தினமும் எழுதும்போது மாடியைப் பார்த்து ஒரு தரம் முணுமுணுத்தாள்.

அடுத்துத்தான் மொய் வந்தது. அந்த வீட்டில் மொய்க்கு ஒரு ஏற்பாடு உண்டு. கூட்டாக இருந்த காலத்தில் வந்த மொய்யைக் கூட்டாகத்தான் திருப்பி வைக்க வேண்டும். எது வந்ததோ அதே தொகை, கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அதற்காக மாடியும் கீழும் மாசம் ஆயிரத்தைந்நூறு பொதுவில் போட்டு வந்தார்கள்.

"அக்கா, உங்களுக்கு எல்லாமே ஞாபகம் இருக்குதல்லங்க. சொல்லச் சொல்ல நான் அடிச்சுக்கறனுங்க. ஒரே பக்கத்துல இருந்தா எல்லாருக்கும் சுலபமுங்க."

நாலு ஞாயிற்றுக்கிழமை. பொற்கொடி வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள், லோகப்பிரியா தட்டினாள். புதுவீடு குடிபோனபோது வந்தது, தன் பெரிய பெண்ணுக்குச் சீர் செய்தபோது வந்தது, நானூற்றுப் பன்னிரண்டு பேர். ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது. சொல்லி முடித்தபிறகுதான் புத்தி வந்தது. எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தாகிவிட்டது, இனி தன்னை எவன் கேட்பான்?

யாரும் கேட்கவில்லை. உக்கடத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, பொற்கொடி பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே, தம்பிதுரை மாடிப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"லோகு, இவங்களுக்கு நாம எவ்வளவு வெக்கோணும்மா?"

"ரெண்டாயிரத்து ஒண்ணுங்க மாமா!"

பொற்கொடி சேலை முந்தானையைச் சரிசெய்தபடி, "நான் இங்கதான் நிக்கறேன்" என்றாள்.

"உனக்கெதுக்கு அம்மணி சிரமம். அதுலயே இருக்குதல்லோ" என்றார் அவர், ஏதோ உபகாரம் செய்கிறவர் மாதிரி.

அந்த நிச்சயதார்த்தத்தில் சொந்தக்காரப் பெண்கள் நாலு பேர் லோகப்பிரியாவைச் சூழ்ந்துகொண்டு அவள் போனை எட்டி எட்டிப் பார்த்தார்கள். "அடேயப்பா, எங்கூட்டு பேருகூட இருக்குது பாரு! பட்டுன்னு வருது! புள்ளைன்னா இதல்லோ புள்ள!" அந்தப் பட்டென்று வந்ததெல்லாம் என்ர மண்டையிலிருந்து வந்தது என்று பொற்கொடிக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. லோகப்பிரியா, "எல்லாம் அக்கா சொன்னதுதானுங்க" என்று சொல்லத்தான் செய்தாள். அதையும் யார் கேட்டார்கள்? "பாரு, என்ன அடக்கம்!" என்று அதற்கும் அவளுக்கே ஒரு பாராட்டு.

அதன்பிறகு இரண்டு கல்யாணத்துக்கு மாடிக்காரர்களே போய் மொய் வைத்துவிட்டு வந்தார்கள். பொற்கொடிக்குச் சந்தேகம் வந்தது. இவர்கள் பொதுப்பணத்தை எடுத்துக்கொண்டு போய் யார் பேரில் எழுதுகிறார்கள்? மனோஜ்குமார் என்றுதான் எழுதுவார்கள். இன்னும் நாலு விசேஷம் போனால் தம்பிதுரை என்று ஒருத்தர் இருப்பதே சொந்தத்தில் மறந்துபோகும். கேட்டுவிடலாம், கேட்பதற்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. கேட்காமலே முடிவு செய்துவிட்டாள்.

தை மாசம் ராசாத்தாள் அத்தையின் மகனுக்குக் கல்யாணம் என்று பத்திரிகை வந்தது. தம்பிதுரைக்குச் சொந்த அத்தை, சென்னிமலையில் இருக்கிறாள். புதுவீடு குடிபோனபோது பத்தாயிரத்து ஒன்று வைத்தவள். அப்போது அவள் இருந்த நிலைக்கு அது பெரிய தொகை. கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துவிட்டு வந்து மொய் வைத்தாள் என்பது பிறகு தெரிந்தது. தம்பிதுரை அன்றைக்கு அழுதார். அப்போது மனோஜ்குமார் பெங்களூரில், லோகப்பிரியா இந்த வீட்டுக்கே வரவில்லை. தொகையை நினைவு வைத்திருக்கக்கூடியவர்கள் கீழ்வீட்டு இரண்டு பேர்தான், அதில் தம்பிதுரை இப்போதெல்லாம் எதையும் விசாரிப்பதில்லை. லோகு பார்த்துக்கொள்வாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. மாவுக் கணக்கைத் தட்டலாம் என்று போனை எடுத்த பொற்கொடி மொய்ப் பக்கத்துக்குப் போனாள். நீங்களும் திருத்தலாமுங்க அக்கா, ஏதாவது விட்டுப்போயிருந்தால் சேருங்க என்று அவளுக்கும் அனுமதி கொடுத்திருந்தார்கள். சென்னிமலை ராசாத்தாள் வரிசையைத் தேடி எடுத்தாள். 10001. விரலை வைத்து ஒரு சைபரை அழித்தாள். 1001.

ஆப் எதுவும் கேட்கவில்லை. நிஜமாகவா என்றுகூடக் கேட்கவில்லை. அது பாட்டுக்குச் சேமித்துக்கொண்டது.

அவள் போட்ட கணக்கு இவ்வளவுதான்: லோகப்பிரியா ஆயிரத்து ஒன்றைக் கொண்டுபோய் மனோஜ்குமார் பேரில் வைப்பாள். கல்யாண வீட்டில் நாலு பேர் சிரிப்பார்கள். பேசாமல் பொற்கொடியைக் கேட்டிருக்கலாம் என்று ஒருத்தராவது சொல்வார்கள். அந்த ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும். மீதிப் பணத்தைத் தானே எடுத்துக் கொடுத்து மானத்தைக் காப்பாற்றிவிடலாம் என்றுகூட நினைத்து வைத்திருந்தாள். கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. சைபரைத் திரும்பப் போட ஒரு விரல் போதும். ஒவ்வொரு நாள் மாவுக் கணக்கைத் தட்டும்போதும் அந்த நினைப்பு வந்தது. அப்போதெல்லாம் மாடியிலிருந்து லோகப்பிரியா யாரோடோ சிரித்துப் பேசுவது கேட்கும். விரல் மடங்கிவிடும்.

நாலு பேரும் ஒரே காரில் சென்னிமலைக்குப் போனார்கள். குழந்தைகளுக்குப் பரீட்சை, பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். தாலி கட்டி முடிந்து மண்டபம் பந்திக்குக் கலைந்த நேரம். மொய் மேசையில் லட்சுமணசாமி உட்கார்ந்திருந்தார், மாப்பிள்ளைக்குப் பெரியப்பா முறை, எழுதுகிற ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லி எழுதுகிற ஆள். மேசைக்குப் பக்கத்திலேயே ராசாத்தாள் அத்தை நின்று வருகிறவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தாள். லோகப்பிரியா கவரை நீட்டினாள். பொற்கொடி இரண்டடி தள்ளி நின்றாள்.

லட்சுமணசாமி கவரைப் பிரித்தார். இரண்டு ஐந்நூறு, ஒரு ஒற்றை ரூபாய்.

"யார் பேருலம்மா?"

"எப்பவும்போல மாமா பேருலதானுங்க. ஊட்டுக்குப் பெரியவருங்கல்ல."

"சிங்காநல்லூர் தம்பிதுரை" என்று இழுத்துச் சொல்லி எழுதினார் லட்சுமணசாமி. "ஆயிரத்து ஒண்ணு."

மனோஜ்குமார் பேர் வரும் என்று காத்திருந்த பொற்கொடியின் காதில் புருஷன் பேர் விழுந்தது.

ராசாத்தாள் அத்தையின் கும்பிட்ட கை அப்படியே நின்றது. ஒரு நொடிதான். பிறகு தம்பிதுரை பக்கம் திரும்பி, "நீங்க வந்ததே போதுஞ் சாமி. பந்திக்குப் போங்க, எலை போட்டாச்சு" என்றாள். குரலில் ஒரு குறையும் இல்லை. அதைக் கேட்கத்தான் முடியவில்லை. வரிசையில் நின்றவர்களில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளின் காதைக் கடித்தாள்.

தம்பிதுரை முகம் செத்துவிட்டது. நாற்பத்தெட்டு வயதில் அந்த மனுஷன் யாரிடமும் கை நீட்டியதில்லை, யாருக்கும் குறைத்துச் செய்ததுமில்லை. "ஏம்மா லோகு?" என்றார், மெதுவாக.

லோகப்பிரியா அதற்குள் போனை எடுத்திருந்தாள். ராசாத்தாள் வரிசையைத் திறந்தாள், ஓரத்தில் எதையோ தொட்டாள், படித்தாள். தலையை நிமிர்த்திப் பொற்கொடியை ஒரு முறை பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

"என்ர தப்புங்க மாமா" என்றாள். "ஒரு சைபரு உட்டுப்போட்டனுங்க. அத்தை, மன்னிச்சுக்கோங்க. பத்தாயிரத்து ஒண்ணுங்க. மீதிய இப்பவே தந்தர்றமுங்க."

மனோஜ்குமார் பையைத் துழாவினான். பாதி ரொக்கம், பாதி போனில். லட்சுமணசாமி எழுதியதை அடித்துவிட்டு மேலே புதிதாக எழுதினார். அடித்த கோடு நன்றாகத் தெரிந்தது. "கம்ப்யூட்டரு கம்ப்யூட்டருன்னு எல்லாத்தையும் அதுல போட்டா இப்படித்தான் ஆகும்" என்று வரிசையில் ஒருத்தர் சொன்னார். "பொற்கொடியக் கேட்டிருந்தா இந்த வம்பே வந்திருக்காது."

இத்தனை நாளாக ஏங்கிய வார்த்தை. காதில் விழுந்தது. பொற்கொடி அவரைப் பார்க்கவில்லை. அவள் கண்ணெல்லாம் லோகப்பிரியா மேல். எல்லார் முன்னாலும் தலை குனிந்து ஒரு தப்பை வாங்கிக்கொண்டு எப்படி இவளால் இப்படி நேராக நிற்க முடிகிறது? சண்டாளி, இதிலும் இவளே பெரியவளா? பந்தியில் இலையில் வைத்ததை வைத்தபடியே மடித்துவிட்டு எழுந்தாள்.

மண்டபத்துக்கு வெளியே புளியமரத்தடியில் கார் நின்றது. மனோஜ்குமார் ஸ்டியரிங்கில், தம்பிதுரை முன்னால், பெண்கள் இரண்டு பேரும் பின்னால். மனோஜ்குமார் சாவியைத் திருகப் போனான். தம்பிதுரை அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். பின்னால் திரும்பவில்லை, கண்ணாடி வழியாக மண்டபத்தைப் பார்த்தபடியே பேசினார்.

"பொற்கொடி. லட்சுமணசாமி ஆயிரத்து ஒண்ணுன்னு சொன்னப்ப நீ பக்கத்துலதான நின்ன?"

"ஆமாங்க."

"அத்தை எவ்வளவு வெச்சுதுன்னு உனக்குத் தெரியாதா? நீ ஏன் வாயத் தொறக்கல?"

லோகப்பிரியாதான் முந்திக்கொண்டாள். "உடுங்க மாமா. அக்காவும் மனுசிதானுங்களே. எத்தன பேர்த்த ஞாபகம் வெச்சுக்க முடியுமுங்க? அக்காவுக்கு மறந்திருக்குமுங்க."

தப்பிக்க வழி அது. பொற்கொடி ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கார் கிளம்பும், வீடு வரும், எல்லாம் ஆறிவிடும். ஆனால் மறந்திருக்கும் என்று சொன்னது யார்? லோகப்பிரியா. நானூற்றுப் பன்னிரண்டு பேரைப் பொற்கொடி வாயிலிருந்து கேட்டு வாங்கிக்கொண்டவள், இன்றைக்கு அவளுக்கு மறதி என்று பரிதாபப்படுகிறாள்.

"எனக்கு மறதியா?" என்று வெடித்தாள். "எனக்கு மறக்கல. பத்தாயிரத்து ஒண்ணு. எல்லாமே ஐந்நூறு ரூபா நோட்டு, ஒத்த ரூபாய மட்டும் மஞ்சத் துணில முடிஞ்சு வெச்சிருந்தாங்க. எனக்கு ஒண்ணும் மறக்கல! நாந்தான் அழிச்சேன். நாந்தான் போனதுக்கு முந்தின செவ்வாக்கெழம அந்தச் சைபர அழிச்சேன்! பொதுப்பணத்த உங்க பேருல வெக்கறீங்கன்னு நெனச்சு அழிச்சேன்!"

சொல்லி முடித்தபிறகுதான் தன் குரல் தனக்கே கேட்டது. மனோஜ்குமார் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியுமுங்க்கா" என்றாள் லோகப்பிரியா, கேட்குமோ கேட்காதோ என்கிற குரலில். "யாரு, எந்த நாளு, எத்தன மணிக்கு மாத்துனாங்கன்னு அதுலயே இருக்குமுங்க. யாரு பேருல வெச்சோமுன்னும் ஒரு கட்டம் இருக்குதுங்க. உங்க போன்ல வலது பக்கம் தள்ளுனாத் தெரியுமுங்க."

பொற்கொடி போனை எடுத்தாள். மொய்ப் பக்கத்தை வலது பக்கம் தள்ளினாள். அந்தக் கட்டத்தை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. உக்கடம், தம்பிதுரை. அதற்கடுத்த கல்யாணம், தம்பிதுரை. அதற்கடுத்தது, தம்பிதுரை.

"எறங்கு" என்றார் தம்பிதுரை. அவர் அதட்டவில்லை. "போயி அத்தைகிட்ட உன்ர வாயால சொல்லிப்போட்டு வா. லோகு தலைல ஏத்துனது லோகு தலையிலயே இருக்கக் கூடாது. நாங்க இங்கதான் இருக்கறம்."

பொற்கொடி கதவைத் திறந்து இறங்கினாள். மண்டபத்து வாசலில் ராசாத்தாள் அத்தை யாரையோ வழியனுப்பிக்கொண்டிருப்பது தெரிந்தது. இருபது தப்படி இருக்கும். கார் கதவைப் பிடித்தபடியே நின்றாள். பின்னால் இன்னொரு கதவு திறந்து மூடியது.

"நானும் வாரனுங்க்கா" என்று லோகப்பிரியா வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இவளுக்கு மட்டும் இந்த மனசு எங்கிருந்து வந்தது, எனக்கு ஏன் வரவில்லை என்று பொற்கொடிக்கு வயிறு எரிந்தது, முன்னைவிட அதிகமாகவே எரிந்தது. ஆனாலும் அவள் அந்தக் கையை உதறவில்லை. பிடித்துக்கொண்டே அத்தையின் முன்னால் போய் நின்றாள்.